அயர்லாந்தின் பழைய தேர்தல் போஸ்டர்களும் நோட்டீஸ்களும்: சேகரிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

போஸ்டரா, நோட்டீஸா? எதில் தொடங்குவது?

நோட்டீஸில் தொடங்குங்கள். போஸ்டர் கண்ணைப் பறிக்கும், சுவரில் மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள், அதெல்லாம் சரிதான். ஆனால் அதில் இருப்பது ஒரு முகம், ஒரு பெயர், கட்சியின் நிறம், மிஞ்சிப்போனால் நாலு சொல் முழக்கம். நோட்டீஸில்தான் வேட்பாளர் வாயைத் திறக்கிறார். எந்தத் தெருவுக்கு விளக்குப் போட வைத்தேன், எந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் வாங்கிக் கொடுத்தேன், எதிராளி போன தடவை என்ன சொல்லி ஏமாற்றினார், எனக்கு முதல் வாக்கைப் போட்ட பிறகு இரண்டாவதை யாருக்குப் போட வேண்டும் என்பதெல்லாம் அதில்தான் வரும்.

பெரிய போஸ்டரை யாராவது ஒருவர் எடுத்துவைத்திருப்பார். அருங்காட்சியகத்திலும் ஒரு பிரதி இருக்கும். ஐந்நூறு வாக்கு வாங்கித் தோற்றுப்போன சுயேச்சையின் ஒற்றைத்தாள் நோட்டீஸை மறுநாளே குப்பையில் போட்டிருப்பார்கள். அது உங்களிடம் மட்டும் இருக்கலாம். என்னைக் கேட்டால் இந்தச் சேகரிப்பின் உயிரே அந்தத் தோற்றவர்களின் தாள்தான்.

எவையெல்லாம் இதில் சேரும்?

விளக்குக் கம்பத்தில் கட்டும் போஸ்டர், கதவிடுக்கில் போடும் துண்டறிக்கை, கட்சியின் தேர்தல் அறிக்கைப் புத்தகம், வாக்குச்சாவடி வாசலில் கொடுத்த அட்டை, சட்டையில் குத்தும் பேட்ஜ், எல்லாமே. வேட்பாளர் கதவைத் தட்டியபோது வீட்டில் யாரும் இல்லையென்றால் ‘உங்களைப் பார்க்க முடியாமல் போய்விட்டது, வருந்துகிறேன்’ என்று ஒரு சின்ன அட்டையைப் போட்டுவிட்டுப் போவார். கையால் எழுதினது போலத் தெரியும். உற்றுப் பார்த்தால் அதுவும் அச்சுதான். அதையும் எடுத்து வையுங்கள்.

தனியாகச் சொல்ல வேண்டியது தேர்தல் கடிதம். டாயில் (நாடாளுமன்றக் கீழவை) தேர்தலிலும் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலிலும் ஒவ்வொரு வேட்பாளரும் வாக்காளர்களுக்கு ஒரு தபாலை இலவசமாக அனுப்பலாம்; செலவு அரசுடையது. அதன் முகப்பில் ‘லிதிர் உம் ஹொகான்’ என்று ஐரிஷ் மொழியில் அச்சிட்டிருக்கும். பணமில்லாத வேட்பாளருக்கு இது ஒன்றுதான் ஒழுங்கான விளம்பரம் என்பதால், வேறு எங்கும் சுவடே இல்லாதவர்கள்கூட இதில் அகப்படுவார்கள். உள்ளாட்சித் தேர்தலுக்கு இந்தச் சலுகை கிடையாது. அங்கே நோட்டீஸ் வீட்டுக்கு வந்தால் வேட்பாளரோ அவர் ஆட்களோ நடந்து வந்து போட்டது என்று பெரும்பாலும் வைத்துக்கொள்ளலாம்.

அவர்களுடைய வாக்களிப்பு முறை தெரியாமல் இந்த நோட்டீஸ்கள் புரியுமா?

பாதிதான் புரியும். அந்த முறையைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் ருசியே வேறு.

1920களின் தொடக்கத்திலிருந்து அங்கே நடப்பது மாற்றத்தக்க ஒற்றை வாக்கு முறை. இப்போது ஒரு டாயில் தொகுதியிலிருந்து மூன்று, நான்கு அல்லது ஐந்து பேர் தேர்வாவார்கள். வாக்காளர் வாக்குச்சீட்டில் முத்திரை குத்துவதில்லை. 1, 2, 3 என்று தன் விருப்ப வரிசையை எண்ணால் எழுதுகிறார். அதனால்தான் பழைய போஸ்டர்களில் பெயருக்குப் பக்கத்தில் பெரிதாக ‘1’ நிற்கும்.

ஒரே கட்சி ஒரே தொகுதியில் இரண்டு மூன்று பேரை நிறுத்தும். ஆக, ஒரு வேட்பாளருக்கு நிஜமான எதிரி பல நேரங்களில் அவருடைய கட்சிக்காரரே. சண்டை முற்றாமல் இருக்கக் கட்சித் தலைமை தொகுதியைக் கோடு போட்டுப் பிரித்துக் கொடுக்கும்: ஆற்றுக்கு வடக்கே இருப்பவர்கள் இவருக்கு 1, அவருக்கு 2, தெற்கே இருப்பவர்கள் அப்படியே மாற்றி. இதன் விளைவு, ஒரே கட்சி, ஒரே படம், ஒரே வாசகம், ஆனால் பெயர்களின் வரிசை மட்டும் மாறிய இரண்டு நோட்டீஸ்கள். சிலவற்றில் சின்ன வரைபடமே போட்டிருப்பார்கள். இந்த ஜோடி இரண்டும் சேர்ந்து கிடைப்பது லேசில்லை, ஏனென்றால் ஒரு வீட்டுக்கு ஒன்றுதான் வரும். தொகுதியின் மறுமுனையில் உங்களுக்கு ஒரு நண்பர் வேண்டும்.

தேர்தலுக்கு முந்தைய கடைசி நாட்களில் ஒருவர் ‘தலைமை என்ன சொன்னாலும் எனக்கே 1 போடுங்கள், நான் ஆபத்தில் இருக்கிறேன்’ என்று சொந்தச் செலவில் ஒரு நோட்டீஸ் அடித்துவிட்டால், அது சேகரிப்பாளருக்கு விருந்து. கட்சிக்குள் நடந்த குத்துவெட்டுக்கு அச்சில் கிடைக்கும் சாட்சி அது.

இன்னொன்று. 1963ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை வாக்குச்சீட்டில் கட்சியின் பெயரே கிடையாது, வேட்பாளரின் பெயர் மட்டும்தான். யார் எந்தக் கட்சி என்று மனத்தில் பதிய வைக்கும் வேலை முழுக்கப் போஸ்டருடையதும் நோட்டீஸுடையதும்தான். பழையவற்றில் ‘இந்த இரண்டு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிற தோரணை இருப்பது அதனால்தான்.

தெருவில் தொங்கும் போஸ்டரைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. தொங்கும்வரை அது வேட்பாளரின் சொத்து. எடுத்தால் திருட்டு, போட்டிக் கட்சிக்காரன் என்ற பெயரும் வரும்.

விதி இதுதான்: வாக்குப்பதிவுக்கு முந்தைய 30 நாள், அல்லது வாக்குப்பதிவு நாளை அறிவிக்கும் ஆணை வந்த நாள், இவற்றில் எது குறைந்த காலமோ அதிலிருந்து போஸ்டர் கட்டலாம். வாக்குப்பதிவு முடிந்து 7 நாளுக்குள் அவிழ்த்துவிட வேண்டும். தவறினால் போஸ்டர் ஒன்றுக்கு 150 யூரோ அபராதம். அந்த ஏழு நாளில் கட்சிக்காரர்கள் ஏணியும் கத்தரியுமாக அலைவார்கள், அதுதான் உங்கள் நேரம். தோற்ற வேட்பாளரின் அலுவலகத்தில் போய் மரியாதையாகக் கேளுங்கள். ஜெயித்தவர் அடுத்த தேர்தலுக்கு என்று கிடங்கில் போட்டுவைப்பார். தோற்றவருக்கு அது கண்ணில் படாமல் போனால் போதும்.

தூய்மைக் குழுக்கள் கேட்டுக்கொண்டதால் சில ஊர்களில் எல்லாக் கட்சியும் பேசிவைத்துக்கொண்டு போஸ்டரே கட்டுவதில்லை. அந்த ஊர்களில் நோட்டீஸ் மட்டும்தான் கிடைக்கும்.

பழைய நோட்டீஸ்களை எங்கே தேடுவது?

வீடு காலி செய்யும்போது வெளியே வரும் பெட்டிகளில். பழைய புத்தகக் கடைகள், ஞாயிற்றுக்கிழமைச் சந்தைகள், அஞ்சலட்டை வியாபாரிகளின் கண்காட்சிகள், இணைய ஏலம் எல்லாம் உண்டு. ஆனால் நல்ல சரக்கு வருவது முதிய கட்சித் தொண்டர்களின் பரணிலிருந்துதான். நாற்பது வருடம் கட்சிக்காக வீடு வீடாக ஏறி இறங்கினவர் ஒரு பிரதியாவது வைத்திருப்பார். அவரிடம் போய் ‘விலைக்குத் தருவீர்களா’ என்று தொடங்காதீர்கள். அந்தத் தேர்தலைப் பற்றிக் கேளுங்கள், தேநீர் வரும், அப்புறம் பெட்டி தானாக வரும்.

1917 முதல் 1923 வரையிலான காலத்துத் தாள்கள் டப்ளினின் வைட்ஸ், ஆடம்ஸ், கில்கென்னி மாவட்டம் காசில்கோமரில் இருக்கும் ஃபான்சி மீலி போன்ற ஏல நிறுவனங்களுக்குப் போய்விடும். அங்கே விடுதலைப் போராட்டப் பொருள் சேகரிப்பவர்களோடு போட்டி போட வேண்டியிருக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் வேடிக்கை பார்க்க மட்டும் போகலாம். ஏலப் பட்டியலில் வரும் விவரக்குறிப்புகளைப் படித்தாலே நிறையக் கற்றுக்கொள்ளலாம்.

நீங்கள் அயர்லாந்தில் வசிப்பவரானால் முதல் இடம் உங்கள் வீட்டுக் கதவுதான். உள்ளாட்சித் தேர்தலில் எந்த நாட்டுக் குடிமகனாக இருந்தாலும் அங்கே வசிப்பவர் பதிவு செய்து வாக்களிக்கலாம். ஆகவே டப்ளினிலோ கார்க்கிலோ வேலைக்குப் போயிருக்கும் நம்மவர்கள் வீட்டுக்கும் வேட்பாளர் வருவார், தாளும் வரும். குப்பையில் போடாமல் ஒரு உறையில் போடுங்கள். முப்பது வருடம் கழித்து அதுவும் பழையதுதான்.

ஆண்டே போடாத நோட்டீஸின் காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

இதுதான் எல்லோரும் கேட்பது. அன்றைக்கு அச்சடித்தவர்களுக்கு ஆண்டு போடத் தேவை இருக்கவில்லை. ‘வியாழக்கிழமை வாக்களியுங்கள்’ என்றால் போதும். ஆனால் நமக்கு அந்த வியாழக்கிழமையே பெரிய துப்பு.

ஓர் உதாரணம் பார்ப்போம். பதினெட்டு மாதத்துக்குள் அங்கே மூன்று பொதுத்தேர்தல்கள் நடந்தன: 1981 ஜூன் 11, வியாழன்; 1982 பிப்ரவரி 18, வியாழன்; 1982 நவம்பர் 24, புதன். அதே வேட்பாளர்கள், அதே புகைப்படங்கள், பல இடங்களில் அதே அச்சகம். பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் இருக்கும். ‘புதன்கிழமை’ என்று இருந்தால் சிக்கல் தீர்ந்தது, நவம்பர். ‘வியாழன்’ என்று மட்டும் இருந்தால் உள்ளடக்கத்தைப் படிக்க வேண்டும். 1982 ஜனவரி 27 அன்று கேரட் ஃபிட்ஸ்ஜெரால்டின் அரசு வரவுசெலவுத் திட்ட வாக்கெடுப்பில் கவிழ்ந்தது. குழந்தைகளின் செருப்பு, ஷூவுக்குக்கூட வரி போடப் போனதுதான் பெரிய புகைச்சல். நோட்டீஸில் குழந்தைகளின் ஷூ வந்தால் அது பிப்ரவரி. டப்ளின் மத்தியத் தொகுதியில் சுயேச்சையாக ஜெயித்த டோனி கிரிகரி, ஃபியன்னா ஃபாயில் கட்சித் தலைவர் சார்லஸ் ஹாஹி பிரதமராக ஆதரவு தர நகரின் ஏழைப் பகுதிகளுக்கு வீடு, வேலை என்று எழுத்தில் ஒப்பந்தம் வாங்கியது அந்தத் தேர்தலுக்குப் பிறகு. அந்த ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசும் தாள் 1982 பிப்ரவரியுடையதாக இருக்க முடியாது, அதற்குப் பிந்தையது.

மற்ற துப்புகளையும் சொல்கிறேன். தொகுதியின் பெயரும் எத்தனை இடங்கள் என்பதும் முக்கியம், ஏனென்றால் எல்லைகளை அடிக்கடி மாற்றுவார்கள். 1974இல் அமைச்சர் ஜேம்ஸ் டல்லி தன் கூட்டணிக்குச் சாதகமாகத் தொகுதிகளை வெட்டி ஒட்டினார்; 1977இல் அதுவே திருப்பி அடித்தது. அந்தத் தொகுதிப் பெயர்கள் வந்தால் காலம் குறுகிவிடும். பதினெட்டு வயதுக்காரர்களிடம் வாக்கு கேட்டால் 1973 அல்லது அதற்குப் பின், ஏனென்றால் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18ஆகக் குறைத்த பொதுவாக்கெடுப்பு நடந்தது 1972 டிசம்பரில். பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் என்று கணக்கு வந்தால் 1971 பிப்ரவரிக்கு முன். யூரோ நோட்டு கைக்கு வந்தது 2002 ஜனவரி. முகவரியில் எயர்கோடு என்கிற அஞ்சல் குறியீடு இருந்தால் 2015க்குப் பின். கட்சியின் ஆயுளும் உதவும்: கிளான் ந போப்லக்டா 1946 முதல் 1965 வரை, முற்போக்கு ஜனநாயகக் கட்சி 1985 முதல் 2009 வரை, ஜனநாயக இடதுசாரிக் கட்சி 1992 முதல் 1999 வரை.

கடைசியாக, அடியில் எறும்பு ஊர்வது போல இருக்கும் வரியைப் பாருங்கள். தேர்தல் தொடர்பான எந்த அச்சுத்தாளிலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் இருவரின் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும் என்பது சட்டம். பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்து 1883ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இது உண்டு. இப்போதைய 1992ஆம் ஆண்டுச் சட்டத்திலும் தொடர்கிறது. அச்சகம் எப்போது எந்தத் தெருவில் இருந்தது என்பதைப் பழைய தெரு விவரப் புத்தகங்களில் பார்க்கலாம். எதிராளியைத் தாக்கும் நோட்டீஸில் இந்த வரி இல்லையென்றால் அது வேண்டுமென்றே விட்டதாக இருக்கலாம். அதை இரண்டு மடங்கு கவனமாகப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லோரும் பேசும் புகழ்பெற்ற போஸ்டர்கள் எவை?

முதலில் 1917 மே, தெற்கு லாங்ஃபோர்டு இடைத்தேர்தல். அயர்லாந்தின் விடுதலை கேட்ட சின் ஃபெய்ன் கட்சி நிறுத்திய ஜோ மெக்கினஸ் அப்போது இங்கிலாந்தில் லூயிஸ் சிறையில் இருந்தார். போஸ்டரில் கைதி உடையில் ஒருவர். வாசகம், ‘வெளியே கொண்டுவர உள்ளே அனுப்புங்கள்’. சிறையிலிருந்து வெளியே கொண்டுவர, பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு உள்ளே. முதல் எண்ணிக்கையில் தோற்றவர், மறு எண்ணிக்கையில் 37 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் பொதுத்தேர்தலில் அதே கட்சி அயர்லாந்தின் 105 இடங்களில் 73ஐப் பிடித்தது. இந்தப் போஸ்டரின் மூலப்பிரதி உங்கள் கைக்கு வரும் என்று கனவு காண வேண்டாம்.

அடுத்தது 1932, எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்சியிலிருந்த குமன் ந நேல் கட்சி, ஓ’கென்னடி பிரிண்ட்லி என்ற விளம்பர நிறுவனத்தை வைத்துக்கொண்டு டி வலேராவின் ஃபியன்னா ஃபாயில் கட்சியைக் கிழித்தது. ‘டெவ்வியின் சர்க்கஸ்’ என்று ஒரு போஸ்டர், அசல் சர்க்கஸ் விளம்பரம் மாதிரியே: பல அளவு எழுத்துகள், ஸ்பானிய ஜாடையில் ‘சென்யோர் டி வலேரா’, உலகப் புகழ்பெற்ற மாயாஜாலக்காரர், சத்தியத்தை விழுங்குபவர், பக்கத்தில் அவருடைய கட்சிச் சகாக்கள், கயிற்றில் நடக்கும் ‘மொசியே லெமாஸ்’, நெருப்பு விழுங்கும் ஃபிராங்க் எய்க்கன். சத்தியத்தை விழுங்குவது எதற்கு என்றால், பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவே மாட்டேன் என்று ஐந்து வருடம் டாயிலுக்கு வெளியே நின்ற டி வலேரா, 1927 ஆகஸ்டில் அது வெறும் சம்பிரதாயம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு உள்ளே போனார். வாக்காளர் அத்தனை பேருக்கும் அந்தக் கதை தெரியும். போஸ்டரில் விளக்கமே தேவைப்படவில்லை. அதே தேர்தலில் ‘துப்பாக்கிக்காரனின் நிழல் உங்கள் வீட்டில் விழாமல் பாருங்கள்’ என்று ஒன்று, சிவப்புக்காரர்களை, அதாவது கம்யூனிஸ்டுகளைக் காட்டிப் பயமுறுத்தி இன்னொன்று. கலை என்று பார்த்தால் எல்லாம் அற்புதம். பலன் என்று பார்த்தால், பிப்ரவரி 16 வாக்குப்பதிவில் டி வலேராதான் ஜெயித்தார். அடுத்த பதினாறு ஆண்டு ஆட்சியை விட்டு இறங்கவே இல்லை. நல்ல போஸ்டர் தேர்தலை ஜெயிக்கும் என்று யாராவது சொன்னால் இதைக் காட்டலாம்.

1977இல் ஃபியன்னா ஃபாயில் ‘ஜாக்கைத் திரும்பக் கொண்டுவாருங்கள்’ என்று ஜாக் லிஞ்சை முன்னால் நிறுத்தியது. பனியன், பாட்டு எல்லாம் வந்தன. வீட்டு வரியை ஒழிப்போம், கார் வரியை ஒழிப்போம் என்ற அந்தத் தேர்தல் அறிக்கையை, பின்னால் வந்த கடன் சுமைக்குக் காரணம் என்று இன்றுவரை திட்டுகிறார்கள். 148 இடத்தில் 84 கிடைத்தது. அறிக்கைப் புத்தகம் அவ்வப்போது சந்தைக்கு வரும், கண்டால் விடாதீர்கள்.

1987இல் அதே கட்சியின் போஸ்டர்: ‘சுகாதாரச் செலவுக் குறைப்பு முதியோரையும் நோயாளிகளையும் ஊனமுற்றோரையும் வதைக்கிறது’. ஆட்சிக்கு வந்ததும் ஹாஹியின் அரசு செய்த முதல் காரியங்களில் ஒன்று சுகாதாரச் செலவை வெட்டியது. அயர்லாந்து அரசியலில் இவ்வளவு வேகமாகத் தன் கட்சியையே கடித்த போஸ்டர் வேறு இல்லை. அடித்தவர்களே ஒளித்துவைக்க விரும்பிய சரக்கு என்பதால் நல்ல பிரதிக்குத் தனி மதிப்பு.

பொதுவாக்கெடுப்புப் போஸ்டர்களும் சேர்த்தியா?

கட்டாயம். அயர்லாந்தின் அரசியலமைப்பை மக்கள் வாக்கில்லாமல் திருத்த முடியாது என்பதால் பொதுவாக்கெடுப்புகள் அடிக்கடி வரும். அங்கே வேட்பாளர் முகம் இல்லை, எனவே வாசகம்தான் எல்லாம்.

1995 நவம்பர் 24, விவாகரத்துக்கான வாக்கெடுப்பு: ‘ஹலோ விவாகரத்து, பை பை அப்பா’ என்று எதிர்ப்பாளர்கள் போட்டது இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து வெறும் 9,114 வாக்கு வித்தியாசத்தில் ஆதரவுத் தரப்பு ஜெயித்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் லிஸ்பன் ஒப்பந்தத்துக்கான இரண்டாவது வாக்கெடுப்பில், அதை எதிர்த்த கோய்ர் என்ற அமைப்பு ‘லிஸ்பனுக்குப் பின் குறைந்தபட்சக் கூலி 1.84 யூரோ?’ என்று கம்பம் கம்பமாகக் கட்டியது. அன்றைய சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 8.65 யூரோ. அந்தக் கேள்விக்குறியில்தான் எத்தனை சாமர்த்தியம் பாருங்கள். 2015 மே 22 ஒருபால் திருமண வாக்கெடுப்பும், 2018 மே 25 கருக்கலைப்புத் தடையை நீக்கிய வாக்கெடுப்பும் பேட்ஜ் சேகரிப்பவர்களுக்குச் சொர்க்கம். முதலாவதில் 62, இரண்டாவதில் 66 சதவீதம் ‘ஆம்’.

இரண்டு தரப்பையும் சேகரியுங்கள். ஒரு தரப்பை மட்டும் வைத்திருந்தால் சண்டையில் பாதிதான் உங்களிடம் இருக்கும்.

எனக்குப் பிடிக்காத, வெறுப்பைக் கக்கும் கட்சிகளின் நோட்டீஸையும் வைக்க வேண்டுமா?

வைக்க வேண்டும். சுவரில் மாட்ட வேண்டாம்.

வட அயர்லாந்தையும் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம், ஆனால் தனிப் பெட்டியில். சட்டம் வேறு, கட்சிகள் பெரும்பாலும் வேறு, காகிதத்தின் பின்னால் இருக்கும் வலியும் வேறு.

இதில் முன்னோடி பெல்ஃபாஸ்டின் லினன் ஹால் நூலகம். 1968இல் நகர மதுக்கடை ஒன்றில் நூலகர் ஜிம்மி விட்டியின் கையில் யாரோ குடிமை உரிமை இயக்க நோட்டீஸ் ஒன்றைக் கொடுத்தார்கள். அவர் அதைக் கசக்கிப் போடாமல் நூலகத்துக்குக் கொண்டுபோனார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அங்கிருக்கும் வட அயர்லாந்து அரசியல் சேகரிப்பு. இன்று இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உருப்படிகள். எல்லாத் தரப்பு ஆயுதக் குழுக்களின் வெளியீடுகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

தேடுபவர்கள் அதிகம் கேட்பது 1981 ஏப்ரல் 9 ஃபெர்மானா தெற்கு டைரோன் இடைத்தேர்தல். ஐ.ஆர்.ஏ. என்ற ஆயுதக் குழுவின் கைதியாக உண்ணாவிரதத்தில் இருந்த பாபி சாண்ட்ஸ் 30,493 வாக்கு வாங்கிச் சிறையிலிருந்தே ஜெயித்து, ஒரு மாதத்துக்குள் உயிரைவிட்டார். அந்தத் தாள்களுக்கு மறுபதிப்பும் நகலும் ஏராளம், எச்சரிக்கை. மாறாக, 1998 புனித வெள்ளி ஒப்பந்தம் என்ற சமாதான உடன்பாட்டுக்கான வாக்கெடுப்புக்கு முன் வட அயர்லாந்தில் வீட்டுக்கு வீடு அனுப்பிய ஒப்பந்தப் புத்தகம் சுலபமாகக் கிடைக்கும். அட்டையில் கடலோரச் சூரியனுக்கு முன் நிழலுருவாக ஒரு குடும்பம் நிற்கும். விலையும் குறைவு, வரலாற்றில் எடையும் அதிகம். முதலில் வாங்க ஏற்றது.

ஐரிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலும் ஆங்கிலம்தான், முழக்கமும் பெயரும் சில சமயம் ஐரிஷில் வரும். பழைய தாள்களில் ஐரிஷ் வரிகள் பழைய கெய்லிக் எழுத்துருவில் இருக்கும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் ரோமன் எழுத்துக்கு மாறிவிடும். அதுவும் காலம் சொல்ல உதவும்.

போலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

மறுபதிப்புகள் மோசடிக்கென்றே அடித்தவை அல்ல. நினைவுப் பொருளாக விற்றவைதான் கைமாறிக் கைமாறி ‘மூலம்’ ஆகிவிடுகின்றன. மூன்று சோதனைகள் போதும். அளவுகோலை வையுங்கள்: அந்தக் காலப் போஸ்டர்கள் அங்குலக் கணக்கில், உதாரணமாக 20க்கு 30 அங்குலம் என்ற இரட்டை கிரவுன் தாளில் இருக்கும். 1932 போஸ்டர் கச்சிதமாக ஏ3 அளவில் இருந்தால் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பூதக்கண்ணாடியில் பாருங்கள்: பழைய கல்லச்சில் நிறம் ஒரே பரப்பாகப் படிந்திருக்கும், மறுபதிப்பில் எழுத்தின் ஓரம்கூடச் சின்னச் சின்ன நாலு நிறப் புள்ளிகளாக உடையும். இருட்டில் புற ஊதா டார்ச் அடியுங்கள்: காகிதத்துக்கு வெளுப்பூட்டி சேர்க்கும் பழக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின்தான் பரவியது. நீலமாகப் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது 1932 தாள் இல்லை.

எப்படிப் பாதுகாப்பது?

செய்யக் கூடாததை முதலில் சொல்லிவிடுகிறேன். லேமினேட் செய்யாதீர்கள். செலோடேப் ஒட்டாதீர்கள், அதன் பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும், பிறகு யாராலும் முழுதாக எடுக்க முடியாது. ரப்பர் பேண்ட், பேப்பர் கிளிப் வேண்டாம். மடித்த நோட்டீஸை விரித்து விரித்துக் காட்டாதீர்கள், மடிப்பில்தான் முதலில் கிழியும்.

செய்ய வேண்டியது: அமிலமற்ற காகித உறை அல்லது பாலியெஸ்டர் உறை, தட்டையான அட்டைப்பெட்டி, வெயில் படாத, ஈரம் ஏறாத அலமாரி. சாதாரண பிவிசி கவர் காலப்போக்கில் மையை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், அதைத் தவிருங்கள். சென்னை, யாழ்ப்பாணம் போன்ற கடலோரப் புழுக்கத்தில் வைத்திருப்பவர்கள் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைப் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள்; வெள்ளிமீன் பூச்சி ஒரு மழைக்காலத்தில் ஒரு பெட்டியை முடித்துவிடும்.

குறிப்பை மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள்: எந்தத் தேர்தல், எந்தத் தொகுதி, எங்கே, யார் மூலம், எப்போது கிடைத்தது. ‘இந்தத் தெருவில் இந்த நாள் கதவிடுக்கில் வந்தது’ என்ற ஒரு வரி இருந்தால், அந்தத் தாளை வைத்து யார் எங்கே எப்போது வாக்கு கேட்டார்கள் என்று பின்னால் ஓர் ஆய்வாளர் கண்டுபிடிக்க முடியும். அந்த வரி இல்லாவிட்டால் அது அழகான காகிதம் மட்டும்தான்.

கோரிபோர்டு போஸ்டர்களை எங்கேதான் வைப்பது?

நெளிவு பிளாஸ்டிக் அட்டையான கோரிபோர்டு மழைக்கு அசையாது, ஆனால் வெயிலில் மை வெளிறும், வளைத்தால் மடிப்பு போகாது. கட்டிலுக்கு அடியில் படுக்கப் போடுங்கள். கேபிள் டை போட்ட துளையும் அழுக்கும் இருக்கட்டும், தெருவில் தொங்கியதற்கு அத்தாட்சி அது. ஒரு தேர்தலுக்கு இரண்டு மூன்றுக்கு மேல் எடுக்காதீர்கள். மற்றவற்றைப் படம் பிடித்துக்கொண்டால் போதும். அந்த ஊரில் பல கோரிபோர்டு தலைவர்கள் கோழிக்கூட்டுக் கூரையாகவும் கொட்டகைச் சுவராகவும் சேவையைத் தொடர்கிறார்கள்.

அயர்லாந்துக்கே போகாமல் இதைச் செய்ய முடியுமா?

காகிதம் வாங்குவது கடினம், பார்ப்பது சுலபம். டப்ளின் கில்டேர் தெருவில் இருக்கும் தேசிய நூலகத்தின் சிறுவெளியீட்டுத் தொகுப்பில் உள்ள பல போஸ்டர்களை இணையப் பட்டியலில் படத்தோடு பார்க்கலாம். 2011 பொதுத்தேர்தலிலிருந்து வேட்பாளர்கள், கட்சிகளின் இணையதளங்களையும் அவர்கள் சேமித்து வருகிறார்கள். வட அயர்லாந்துக்கு அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தின் கெய்ன் இணையக் காப்பகம். நேரில் போகிறவர்கள் டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆவணக் காப்பகத்தில் முன்கூட்டி எழுதிக் கேட்கலாம். ஃபியன்னா ஃபாயில், ஃபினே கேல் இரண்டின் கட்சி ஆவணங்களும் அங்கேதான் இருக்கின்றன. பழைய அச்சு எந்திரங்கள் ஓடுவதைப் பார்க்க பெகர்ஸ் புஷ் பகுதியில் தேசிய அச்சு அருங்காட்சியகம்.

விலை எப்படி?

இருபது முப்பது வருட நோட்டீஸுக்குப் பணமே கேட்க மாட்டார்கள், அல்லது ஒரு காபிக் காசு. விலை ஏறுவது மூன்று காரணத்தால்: 1916 எழுச்சி முதல் 1923இல் முடிந்த உள்நாட்டுப் போர் வரையிலான காலத்தொடர்பு, புகழ்பெற்ற ஓவியம், பிற்பாடு பிரதமரோ ஜனாதிபதியோ ஆனவரின் முதல் தேர்தல். மூன்றாவதில்தான் சாமானியருக்கு வாய்ப்பு. இன்று யாரும் கண்டுகொள்ளாத ஒரு கவுன்சில் வேட்பாளரின் நோட்டீஸ் நாளை என்னவாகும் என்று யாருக்குத் தெரியும்? அதற்காக முதலீடு என்று நினைத்து இறங்காதீர்கள், அதற்கு வேறு தொழில்கள் இருக்கின்றன.

சேகரித்ததைக் கடைசியில் யாரிடம் கொடுப்பது?

ஒரே மாவட்டத்தைச் சேர்ந்ததாக இருந்தால் அந்த மாவட்ட நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவு. தேசிய நூலகத்தைவிட அவர்களுக்குத்தான் அது அதிகம் பயன்படும். தொழிற்சங்கம், தொழிலாளர் கட்சி சார்ந்தவையானால் ஐரிஷ் தொழிலாளர் வரலாற்றுச் சங்கம். வடக்குத் தொடர்பானவை லினன் ஹாலுக்கு. கொடுக்குமுன் ஒரு பட்டியல் போட்டு அனுப்புங்கள். அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதைத் திருப்பித் தந்துவிடுவார்கள், அதை வேறொரு சேகரிப்பாளரிடம் மாற்றிக்கொள்ளலாம். பட்டியல் இல்லாமல் பெட்டியை மட்டும் கொண்டுபோய் இறக்கினால், பிரிக்க ஆள் கிடைக்கும்வரை அது அப்படியே ஒரு மூலையில் கிடக்கும்.